நெய்தவர் பெயரும் தேடுவோர் கண்ணும்



ஒரு நூல் நிலைபெறுவது இயற்றியவரால் மட்டுமன்று. அதனை எடுத்துக்காட்டியவராலும் ஆகும். மறைந்துபோன இலக்கண நூல்கள் பலவற்றை இன்று அறியத் தருவது யாப்பருங்கல விருத்தியுரையே. இணையத் தேடுபொறியும் இந்நெறியிலேயே பிறந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998-இல் தொடங்கிய கூகுள் நிறுவனம், ஒரு பக்கத்தை எத்தகைய பிற பக்கங்கள் சுட்டுகின்றன என்பதை அளந்து வரிசைப்படுத்தியது. பின்னர் வேறு பல அளவுகோல்களும் சேர்ந்தன.

காஞ்சிப் பட்டு 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் காஞ்சிபுரம், காஞ்சீபுரம், காஞ்சிவரம் எனப் பல வடிவங்களில் உலகம் அதனைத் தேடுகிறது. விசைத்தறிச் சேலையை விற்பவரும் இப்பெயர்களை இட்டு முன்னிற்கக்கூடும். சேலைப் படங்களை மட்டும் இடும் நெசவாளர் சங்கம் பின்தங்கிவிடும்.

செய்யத்தக்கது யாது? உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் இணைத்து நெய்யும் கோர்வை நுட்பத்தைச் சங்கம் தன் பக்கத்தில் சொற்களால் விளக்க வேண்டும். எல்லாப் பெயர்வடிவங்களையும் தந்து, படந்தோறும் குறிப்பெழுத வேண்டும். கல்லூரிகளும் இலக்கிய மன்றங்களும் அப்பக்கத்தைச் சுட்ட வேண்டும். சுட்டுகளை விலைக்கு வாங்குதல் ஆகாது. அவ்வாறு செய்த தளங்களைக் கூகுள் பின்தள்ளியதுண்டு.

தறியில் அமர்ந்தவர் நெய்துவிட்டார். அதற்கு உரை வரைதல் தமிழ் கற்றோர் கடன்.