ஈர்ப்பு தானாக வரும்; உறவை நாம்தான் வளர்க்க வேண்டும்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், பெற்றோர்களுக்கும் மணமாகவிருக்கும் இளைஞர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வரும் ஈர்ப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நம் வீடுகளில் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நாம் பேசாவிட்டாலும் சினிமாவும் செல்போனும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் செய்கின்றன. அவை ஈர்ப்பின் ஆரம்பத்தை மட்டும் காட்டிவிட்டுத் திரையை மூடிவிடுகின்றன. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை.

பஞ்சாயத்துக்கு வரும் இளம் தம்பதிகளிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "முன்ன மாதிரி இல்லை." நிக்காஹ் ஆகி இரண்டு வருடம்கூட நிறைந்திருக்காது. அதற்குள் தலாக், குலா என்ற வார்த்தைகள் வந்துவிடுகின்றன. ஏன் இப்படி ஆகிறது? நம் உடம்பிலும் மனதிலும் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பல வீடுகளில் இந்தப் பேச்சே எழாது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். 2005-இல் அமெரிக்காவில் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஏரன் முதலிய ஆய்வாளர்கள், புதிதாகத் தீவிரக் காதலில் இருந்த 17 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தாம் விரும்பும் நபரின் புகைப்படத்தைப் பார்த்ததும், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் பகுதி அவர்களின் மூளையில் விழித்துக்கொண்டது. பசித்தவனைச் சோற்றை நோக்கியும், தாகம் எடுத்தவனைத் தண்ணீரை நோக்கியும் தள்ளுகிற அமைப்போடு சேர்ந்த பகுதி அது. அதனால்தான் அந்த வயதில் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை, புத்தகத்தைத் திறந்தாலும் அந்த முகமே தெரிகிறது. பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்று இதற்கு அர்த்தமில்லை. படைப்பிலேயே வைக்கப்பட்ட இயல்பு இது.

ஆனால் இந்த வேகம் அப்படியே நீடிப்பதில்லை. இத்தாலியில் டொனடெல்லா மராசிட்டி என்ற மனநல மருத்துவர் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிதாகக் காதலில் விழுந்த 20 பேரின் இரத்தத்தைச் சோதித்தார். மனதை நிதானமாக வைக்க உதவும் செரோடோனின் தொடர்பான ஓர் அளவு அவர்களிடம் குறைந்திருந்தது. ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அவதிப்படும் மனநோயாளிகளிடம் காணப்படும் அளவுக்கு அது இறங்கியிருந்தது. ஓராண்டு கடந்து அவர்களில் சிலரை மறுபடி சோதித்தபோது அந்த அளவு இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது.

ஆகவே, "முன்ன மாதிரி இல்லை" என்பது பல நேரங்களில் உண்மையே. காய்ச்சல் இறங்குவது போல அந்த வேகம் இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்து அன்பே போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் தவறு.

அடுத்து மனதைப் பார்ப்போம். கனடாவில் வான்கூவருக்கு அருகே, சுமார் 230 அடி உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் தொங்குபாலம் ஒன்று இருக்கிறது. 1974-இல் வெளியான ஆய்வுக்காக, அதைக் கடந்து வந்த இளைஞர்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். தாழ்வாக, உறுதியாக இருந்த இன்னொரு பாலத்திலும் அப்படியே செய்தார். தொங்குபாலத்தில் எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் அழைத்தார்கள். உறுதியான பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான் அழைத்தார்கள். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை, அந்தப் பெண்ணால் வந்த படபடப்பு என்று மனம் எடுத்துக்கொண்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

தம்பி தங்கைகளே, நடுராத்திரியில் போர்வைக்குள் போனை மறைத்துக்கொண்டு, அத்தாவின் காலடிச் சத்தம் கேட்டதும் பதறுகிறீர்களே, அப்போது நெஞ்சு துடிப்பது அந்த ஆள் மீதுள்ள பிரியத்தினாலா, மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தினாலா? நிதானமாக யோசித்துப் பாருங்கள். பட்டப்பகலில் நாலு பேர் அறிய நிற்க முடியாத ஈர்ப்பை நம்பி வாழ்க்கையை முடிவு செய்யாதீர்கள்.

பெரியவர்களாகிய நாமும் ஏமாறத்தான் செய்கிறோம். அழகான முகத்தைப் புகைப்படத்தில் பார்த்தவுடன், இவர் நல்ல குணமுள்ளவர், இவருக்கு நல்ல இல்லறம் அமையும் என்று மக்கள் தாமாகவே கருதிவிடுகிறார்கள் என 1972-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாம் செய்வதும் அதுதானே? வாட்ஸ்அப்பில் போட்டோ வந்ததும் "நிறம் கம்மி" என்று ஒரு நல்ல பெண்ணைத் தள்ளிவிடுகிறோம். மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருந்தால், அவர் கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்று விசாரிக்க மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் நிலைத்த அன்பு எங்கிருந்து வருகிறது? வட அமெரிக்கப் புல்வெளிகளில் ஒரு வகைச் சிற்றெலி வாழ்கிறது. ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாமல், குட்டிகளையும் சேர்ந்தே வளர்க்கும். அதன் நெருங்கிய உறவான மலை எலியோ அப்படி ஜோடியாக வாழ்வதில்லை. ஆக்ஸிடோசின், வாசோப்ரெசின் என்ற ஹார்மோன்கள் மூளையில் வேலை செய்யும் இடங்கள் இரண்டுக்கும் வேறுபடுவது முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். மனிதன் எலி அல்ல. ஆனால் அதே ஹார்மோன்கள் நம்மிடமும் இருக்கின்றன. பிரசவத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் உம்மாவின் உடலில் சுரப்பது ஆக்ஸிடோசின்தான். கூடவே இருப்பதும், பரிவோடு தொடுவதும், பேசுவதும்தான் பந்தத்தை வளர்க்கின்றன.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளை ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி விசாரித்தார். "இங்கே பாருங்களேன்", "இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா" என்று ஒருவர் சின்னதாகக் கூப்பிடும்போது மற்றவர் முகம் கொடுத்தாரா என்று கணக்கெடுத்திருந்தார். சேர்ந்து வாழ்ந்தவர்கள் 100-க்கு 86 தடவை முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 தடவைதான் கொடுத்திருந்தார்கள். சராசரியாக 21 ஆண்டுகள் இல்லறம் நடத்தியும் பிரியம் குறையாத 17 பேரின் மூளையை ஸ்கேன் செய்து 2012-இல் வெளியிட்டார்கள். முதலில் சொன்ன டோபமைன் பகுதி அவர்களிடமும் விழித்திருந்தது. ஆக, முயன்றால் பிரியம் நீடிக்கும்.

இப்போது நம் ஊர் நிலைமைக்கு வருவோம். மாப்பிள்ளை நாற்பது நாள் லீவில் வருகிறார். நிக்காஹ், விருந்து, சொந்தக்காரர் வீடு என்று அதில் பாதி நாள் போய்விடுகிறது. இருவரும் பழகத் தொடங்கும்போது அவர் சபர் போய்விடுகிறார். ஆரம்ப வேகம் தணியும் காலத்தில், அந்த இடத்தை நிரப்ப வேண்டிய பந்தம் வளர வழியில்லாமல் போகிறது. பிறகு "முன்ன மாதிரி இல்லை" என்கிறார்கள். எப்படி இருக்கும்?

ஆகவே சில வேண்டுகோள்கள்.

மாமியார்மார்களே, அந்த நாற்பது நாளில் பிள்ளையையும் மருமகளையும் கொஞ்சம் தனியே விடுங்கள். விருந்தைக் குறைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளே, மாதம் பணம் அனுப்பினால் மட்டும் போதாது. தினமும் பத்து நிமிடமாவது அவள் சொல்வதைக் கேளுங்கள். முடிந்தால் அழைத்துப்போய் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, நிக்காஹுக்கு முன் பெண்ணைப் பார்க்க மார்க்கம் அனுமதித்திருக்கிறது. பெண்ணின் சம்மதமும் அவசியம். அவளைத் தனியே அழைத்துக் கேளுங்கள். கூட்டத்தில் தலைகுனிந்திருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அடிக்காதீர்கள். அடித்தால் பயம் கூடும். பயம் கூடினால் படபடப்பும் கூடும். உட்காரவைத்துக் கேளுங்கள், விசாரியுங்கள்.

இளம் தம்பதிகளே, ஆரம்ப வேகம் குறைந்தது என்பதற்காகப் பிரிவைப் பற்றிப் பேசாதீர்கள். முதலில் ஆலோசனைக்கு வாருங்கள். ஆனால் அடி, உதை, அவமானம் என்பது வேறு விஷயம். அதைப் பொறுத்துக்கொள் என்று எந்தப் பெண்ணிடமும் நாம் சொல்லக்கூடாது. அவள் உடனே பெற்றோரிடமோ ஜமாஅத்திடமோ சொல்ல வேண்டும். அவளுக்குப் பாதுகாப்புத் தருவது நம் கடமை.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும், போனைக் கீழே வைத்துவிட்டு, துணையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு நாள் எப்படிப் போச்சு?" பதிலை முழுவதும் கேளுங்கள்.