பைக்குள் அடங்கும் ஆய்வுகூடம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



உயர்தர வகுப்பில் மரபணு என்றால் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிய முறுக்கு ஏணிதான் எங்களுக்கு. இன்று அதை எழுத்தெழுத்தாக வாசிக்கும் கருவி நூறு கிராம் நிறைகூட வராது. மினயன் என்று பெயர், மடிக்கணினியில் செருகிவிடலாம். உள்ளே ஒரு சவ்வு, அதில் மிக நுண்ணிய துளைகள், அவற்றினூடாக மின்னோட்டம். மரபணு இழை துளையைக் கடக்கையில் எழுத்துகளுக்கேற்ப மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தைக் கணினி திரும்ப எழுத்தாக்கும். டெங்கு வைரஸுக்கு ஏறத்தாழ 10,700 எழுத்துகள்.

2015இல் கினியாவில் எபோலா பரவியபோது, இந்தக் கருவியையும் வேண்டிய சாமான்களையும் 50 கிலோவுக்குள் சாதாரண பயணப் பொதிகளாக விமானத்தில் கொண்டுபோனார்கள். 142 மாதிரிகளை அங்கேயே வாசித்தார்கள். மாதிரி கைக்கு வந்து 24 மணித்தியாலத்துக்குள் முடிவு.

அதைப் படித்தபோது எனக்கு நம்முடைய இறங்குதுறைதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் படித்த காலத்தில் திருகோணமலைக்கு லோஞ்ச்தானே! கொட்டியாரக் குடாவில் காற்று எழும்பினால் நோயாளியும் காத்திருக்க வேண்டும். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. இரத்த மாதிரிக்குத்தான் இன்னும் தூரம் குறையவில்லை.

2017 மார்ச்சில் பக்கத்துக் கிண்ணியாவை டெங்கு ஆட்டிப்படைத்தது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,101 பேருக்குச் சந்தேகத்துக்குரிய டெங்கு, 440 மரணங்கள். டெங்குவில் நான்கு வகை. 2009 முதல் அதிகம் தென்படாதிருந்த இரண்டாம் வகையே அந்த முறை மேலோங்கியது. ஒரு வகை வந்து சுகமானவருக்கு வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடும்.

அந்த நாட்களில் பத்தாந் தரத்துப் பிள்ளை ஒன்றைப் பார்த்தேன். காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போகலாம் என்று உம்மா பையைக் கட்டிவிட்டார். காய்ச்சல் விடும் நேரம்தான் பயமான நேரம் என்று சொல்லி மறித்தேன். இரவு முழுக்க பி.சி.வி. பார்த்து, சிறுநீர் அளந்து, சேலைனைக் கூட்டிக் குறைத்தோம். பிள்ளை தப்பியது. எந்த வகை டெங்கு என்ற முடிவு வந்தபோது அவள் பாடசாலைக்கே போய்விட்டாள்.

அப்படியென்றால் இந்த மெஷின் எதற்கு என்று என் உம்மாவே கேட்டார். அந்தப் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை, உண்மை. அடுத்த தெருப் பிள்ளைகளுக்குத் தேவை. புதிய வகை ஊருக்குள் வந்துவிட்டது என்று முதல் பத்து நோயாளிகளிலேயே தெரிந்தால், சுகாதார வைத்திய அதிகாரி நுளம்பு ஒழிப்பை முன்கூட்டித் தொடங்கலாம். வைத்தியசாலை கட்டில்களையும் தாதியரையும் ஆயத்தப்படுத்தலாம்.

கருவி சின்னது, அதன் தேவைகள் சின்னதல்ல. துளைகள் உள்ள பகுதியைக் குளிரில் வைக்க வேண்டும். நம்முடைய வெயிலும் மின்வெட்டும் தெரியும்தானே. செலவும் அதிகம். ஒரு மாதிரி இன்னொன்றோடு துளி கலந்தாலும் முடிவு பிழைக்கும். ஆகவே, நல்ல கைப்பழக்கமுள்ள ஆட்கள் வேண்டும். கருவியை வாங்குவதைவிட அவர்களை உருவாக்குவதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம்.

அதனால் சங்கத்திடம் நான் மெஷின் கேட்கவில்லை. பாடசாலை ஆய்வுகூடத்துக்கு நல்ல நுணுக்குக்காட்டிகள் நான்கு கேட்கிறேன். டிசம்பர் விடுமுறையில் ஒரு கிழமை ஊரில் நிற்பேன். உயிரியல் படிக்கும் பிள்ளைகளோடு நுளம்புக் குடம்பியிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஆய்வுகூட வேலை தெரிந்த அக்காமார் யாராவது அந்த நேரம் வருவதாயிருந்தால் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.