விடுதலைத் தேதி இல்லாத தண்டனை



"இலக்கியத்தில் பாவமும் மன்னிப்பும்" என்று இந்தக் கூட்டத்தில் பேச எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தலைப்பு, யாரையும் உறுத்தாத தலைப்பு. நான் இலக்கியத்தைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் சட்டைப் பையில் இருப்பதைத் தொடப்போகிறேன். பயப்படாதீர்கள், பணத்தை அல்ல, செல்போனை. (சிரிப்பு)

உங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். சிவப்பு விளக்குப் படம் போட்டு ஒரு செய்தி வந்திருக்கும். கீழே ஒரு பெண்ணின் ஆதார் அட்டை. முகம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, எல்லாம் பளிச்சென்று தெரியும். "இவர் பி பிளாக்கில் வேலை செய்தவர். இரண்டு வளையல் காணவில்லை. யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம். எல்லாருக்கும் அனுப்பவும்." போலீசில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கு சார், வீண் அலைச்சல்" என்பார்கள். அவர்களுக்குத்தான் அலைச்சல் வேண்டாம். அந்தப் படம் மட்டும் ராத்திரிக்குள் சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரை அலைந்துவிட்டு வரும். பத்து நாள் கழித்து வளையல் பேங்க் லாக்கரிலேயே இருந்தது தெரியவரும். குழுவில் ஒரே வரி: "கிடைத்துவிட்டது, நன்றி." பக்கத்தில் கைகூப்பும் பொம்மை. முதலில் போன படத்தை யாராவது துரத்திப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்களா?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் நான்காவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இந்த நாட்டில் ஒருவருக்கு என்னென்ன தண்டனை கொடுக்கலாம் என்று ஆறு வகை சொல்லியிருக்கிறது. மரணம், ஆயுள், சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம், சமூக சேவை. இதில் மானத்தை வாங்குவது எந்த வகை? எங்கே எழுதியிருக்கிறது? சட்டத்தில் இல்லாத ஏழாவது தண்டனையை நாம் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கொலைகாரனுக்குக்கூட ஒருநாள் விடுதலைத் தேதி வரும். அந்த வேலைக்காரப் பெண்ணுக்கு எந்தத் தேதி?

நாம் மட்டுமா? காக்கிச் சட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒருவனைப் பிடிக்கிறார்கள். மறுநாள் ஒரு படம் வெளிவருகிறது. வலது கையிலோ காலிலோ மாவுக்கட்டு. வெள்ளைக் கட்டு இன்னும் ஈரம் காயாமல் மினுங்குகிறது. கண் தரையில். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்பது விளக்கம். சில வருடங்களாகச் சென்னையில் இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. ஏன் ரவுடிகள் மட்டுமே வழுக்கி விழுகிறார்கள் என்று கேட்க வேண்டிய நாம், மீம் போட்டுச் சிரித்தோம். கைதிக்கு வழக்கமாக விலங்கு மாட்டி இழுத்துப் போவதே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1980லேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டுப் போனார். விலங்கு போச்சு, மாவுக்கட்டு வந்தது!

"ஐயா, இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், நம் மரபு அப்படியல்ல" என்று யாராவது எழுந்திருக்குமுன் சொல்லிவிடுகிறேன். கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டது யார்? நாம்தான். மேடைக்கு மேடை உத்திரமேரூர்க் குடவோலைத் தேர்தலைப் பேசிப் பூரிக்கிறோமே, வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் அந்த 921ஆம் ஆண்டுக் கல்வெட்டை முழுக்கப் படித்திருக்கிறோமா? கள்ளக் கையெழுத்துப் போட்டவனோடு சேர்த்து, கழுதை ஏறினவனுக்கும் குடவோலையில் பெயர் எழுதும் தகுதி இல்லை என்கிறது. உண்ணக் கூடாததை உண்டு, அதற்குப் பிராயச்சித்தம் செய்துகொண்டு சுத்தமானவனுக்கும் ஆயுள் முழுக்க இல்லை! பரிகாரத்தையும் செய்யச் சொல்வோம், கதவையும் திறக்க மாட்டோம். இதுவும் நம் மரபுதான், மறைக்க வேண்டாம்.

ஆனால் அதே மரபுக்குள் ஒரு சண்டையும் நடந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் வெள்ளிடை மன்றம் என்று ஓர் இடம். காவல் இல்லாமல் பொதி குவிந்து கிடக்கும். எவனாவது திருடினால் அந்த மன்றம் அந்தப் பொதியையே அவன் தலையில் ஏற்றி ஊரைச் சுற்ற வைக்கும். இளங்கோ அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார். அடுத்த காப்பியத்துக்கு வாருங்கள், அதே புகார். மணிமேகலை அட்சய பாத்திரத்தோடு எங்கே போகிறாள்? சிறைக்கு. கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். என்ன வேண்டும் கேள் என்கிறான் சோழன். இந்தச் சிறையை இடித்து அறக்கோட்டம் ஆக்கு என்கிறாள். ஆக்குகிறான். திருடனை ஊர் பார்க்கச் சுமக்க வைத்த அதே பட்டினத்தில், திருடன் சாப்பிட்டானா என்று கேட்க ஒரு பெண் வந்தாள். அவளைப் பாடிய சாத்தனாருக்கு என் கும்பிடு.

நம் காலத்துக்கு வாருங்கள். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய "சாப விமோசனம்" தெரியும் உங்களுக்கு. ராமன் பாதம் பட்டு அகலிகை எழுகிறாள். பாவம் தீர்ந்தது, சாபமும் தீர்ந்தது. ஊர் தீர்த்ததா? அவளைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். பிறகு சீதை வாயாலேயே அக்கினிப் பிரவேசச் செய்தி கேட்கிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டுமாம்! தன்னை மன்னித்தவனே தன் மனைவியை ஊர் முன்னால் தீயில் நிறுத்தினான் என்று தெரிந்ததும் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள்.

ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய "அக்கினிப் பிரவேசம்" அதற்குப் பதில் என்றே நான் படிப்பேன். மழை நாள், பஸ் ஸ்டாப்பில் நின்ற கல்லூரிப் பெண், பெரிய கார், அதில் வந்தவன். வீடு திரும்பிய மகள் நடந்ததைச் சொன்னதும் அம்மாவுக்கு நெஞ்சு வெடிக்கிறது, அடிக்கிறாள். ஆனால் அக்கம்பக்கம் என்ன சத்தம் என்று கேட்கும்போது சமாளித்து அனுப்பிவிடுகிறாள். தண்ணீரை மகள் தலையில் குடம் குடமாகக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான் சடங்கு. அன்றைக்கு எத்தனை பேர் கொதித்தார்கள்! அவர்களுக்காகவே ஜே.கே. கதையை மாற்றி எழுதிக் காட்டினார், "சில நேரங்களில் சில மனிதர்கள்". அதில் அம்மா வாயைக் கட்டவில்லை, விஷயம் வெளியே போய்விட்டது. அண்ணன் துரத்துகிறான். அந்தப் பெண் கங்காவின் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு மழை நாளில் நின்றுவிடுகிறது. அதே பெண், அதே கார், அதே மழை. நடந்த சம்பவத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஊருக்குத் தெரிந்ததும் தெரியாததும்தான் வித்தியாசம். 1972இல் அந்த நாவலுக்கு சாகித்திய அகாதெமி பரிசு. மாலை போட்டோம், படமாக எடுத்தோம், அதைப் பார்த்து அழுதோம், வீட்டுக்கு வந்து அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசினோம்.

இப்போது எதிர்க் கேள்விக்கு வருகிறேன். நேர்மையான கேள்வி அது. பெரிய இடத்து ஆளிடம் சிக்கிய பெண் எங்கே போவாள், புகாரை வாங்க ஆளில்லாதபோது ஊர் முன்னால் கத்தாமல் என்ன செய்வாள் என்று கேட்கிறீர்கள். கத்தட்டும். நான் அவள் பக்கம். மெரினாவில் சிலம்போடு நிற்கிறாளே ஒருத்தி, அவளும் மதுரை வீதியில் கத்தியவள்தான். ஆனால் அவள் அரசனிடம் போனாள், அவனை விசாரிக்கச் சொன்னாள், சிலம்பை உடைத்து ஆதாரம் காட்டினாள். நியாயம் கேட்டு மேலே எழும் குரல் வேறு, பலவீனமானவன் தலையில் கூட்டமாகக் காறி உமிழ்வது வேறு. (பிறகு அவள் ஊரையே எரித்தாளே என்பீர்கள். அது தனி வழக்கு, இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன்.)

அப்படிக் கூட்டமாக உமிழ்வது எங்கே போய் முடியும் என்று பாருங்கள். 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போன ஒரு மூதாட்டியை, குழந்தை கடத்துபவர் என்று அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அதற்கு முன்பே குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியிருந்தது. அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் கல்லெடுத்தவர்கள் அல்ல. நம்மைப் போல வீட்டில் உட்கார்ந்து விரலால் தள்ளிவிட்டவர்கள்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். காவல் துறை இனி கைதானவர்களின் மாவுக்கட்டுப் படத்தை எந்தப் பத்திரிகைக்கும் கொடுக்கக் கூடாது, எலும்பு முறிந்த ஒவ்வொரு கைதிக்கும் மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். இது அரசாங்கத்துக்கு. நமக்கு ஒன்று: வீட்டுவேலைக்கு வருபவர்களின் ஆதார் அட்டையையும் படத்தையும் எந்தக் குடியிருப்புச் சங்கமும் குழுவில் போடக் கூடாது, சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், தப்பு என்று தெரிந்தால் எத்தனை பேருக்கு முதல் செய்தி போனதோ அத்தனை பேருக்கும் மன்னிப்பும் போக வேண்டும். சங்கச் செயலாளர்கள் நாலைந்து பேர் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். வழிமொழிகிறவர் எழுந்து பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்.