தனியுடைமையும் தனிமனித உரிமையும்



பொருளாதாரம் பேசப் பேராசிரியர்கள் பலர் இருக்க, எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்ட ரயில்வே குமாஸ்தா ஒருவனை நம் செயலாளர் மேடையேற்றிவிட்டார். பழி அவரையே சாரும்!

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் வண்டியில் நம் இளைஞர்கள் ஒரு வாதம் புரிவதைக் கேட்டு வருகிறேன். "சிங்கப்பூரைப் பாருங்கள், சீனத்தைப் பாருங்கள்! தொழில் பெருகவேண்டுமாயின் எதிர்த்துக் கேட்க ஆளில்லாத ஆட்சி வேண்டும். தேர்தலும் தொழிற்சங்கமும் வழக்குமன்றமும் வீண் தடைகள்" என்பது அவ்வாதம். முதலாளித்துவம் இருக்கட்டும், சுதந்திரம் போகட்டும் என்பதே இதன் பொருள். இத்தகைய ஆட்சியை நம் பாட்டன்மார் இதே மண்ணில் கண்டிருக்கிறார்கள்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்தனர். அவர்கள் செய்த சாதனையை நான் குறைத்துச் சொல்லேன். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கோலாருக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. தனியார் மூலதனமும் துணிவும் இல்லையேல் இவை நடந்திரா. வட ஆற்காட்டின் வறண்ட ஊர்களில் கூலியின்றித் தவித்த நம்மவர்க்கு அதனால் பிழைப்புக் கிடைத்ததும் உண்மையே.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கம்பெனியின் தலைமையகம் லண்டனில். அந்நாட்டில் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு 1871-இலேயே கிடைத்துவிட்டது. பங்குதாரர் கூட்டத்தில் வினா எழுப்பலாம், பத்திரிகையில் கண்டிக்கலாம். அதே மூலதனம் கடல் கடந்து மைசூர் சமஸ்தானத்துக்கு வந்ததும் இவை யாவும் மறைந்துவிட்டன. பிரிட்டிஷ் இந்தியாவின் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் இங்கே செல்லுபடியாகவில்லை. வேலையும் கம்பெனியுடையது, குடியிருந்த லைன் வீடும் கம்பெனியுடையது. தங்கத்தில் ராயல்டி பெற்ற அரசு கம்பெனியின் பக்கமே நின்றது. 1930-இல் தொழிலாளர் அனைவரிடமும் கைரேகை வாங்க முனைந்தபோது, "நாங்கள் குற்றவாளிகளா?" என்று கேட்க அவர்களுக்கு ஒரு மன்றமும் இல்லை. எனவே ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். 1946 நவம்பர் 4-ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அறுவர் மாண்டனர். அவர்களுக்கு இன்றும் நாம் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம்.

ஆகவே குறை மூலதனத்தில் மட்டும் இல்லை; அதைக் கேள்வி கேட்கும் சட்டம் இல்லாமற் போனதில் இருந்தது.

சிங்கப்பூருக்கு வருவோம். நம் தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. லஞ்சமில்லா நிர்வாகம், நல்ல குடியிருப்புகள் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் சியா தை போ என்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் 1966 முதல் 1989 வரை விசாரணையின்றியே சிறையிலிருந்தார். அந்தச் சிறையினாலா கப்பல்கள் அத்துறைமுகத்தை நாடின? திறந்த வாணிபமும், ஒப்பந்தத்தை மதிக்கும் நீதிமன்றங்களுமே அவற்றை ஈர்த்தன என்பது என் கருத்து. அவை சுதந்திர முதலாளித்துவத்தின் உறுப்புகள் அல்லவா?

சீனத்திலோ முதலாளிக்கே காப்பில்லை. 2020 அக்டோபரில் ஜாக் மா என்னும் பெருஞ்செல்வர் வங்கி ஒழுங்குமுறைகளைக் குறைகூறி ஷாங்காயில் பேசினார். சில நாட்களில் அவருடைய ஆன்ட் நிறுவனத்தின் பங்கு வெளியீடு நிறுத்தப்பட்டது. பேசும் உரிமை பறிபோன இடத்தில் பணப்பெட்டியின் சாவியும் ஆள்வோர் கையில்தான்.

நம் சுரங்கங்களை 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் ஏற்றன. 2001 பிப்ரவரி 28-இல் அவை மூடப்பட்டன. முதலாளி அரசே. எனினும் தொழிலாளர் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றனர், உச்சநீதிமன்றம் வரை வழக்காடினர். வழக்கு நெடுங்காலம் இழுத்தது. பலர் முடிவு காணாமலே கண்மூடினர். இக்குறையை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் 1930-இல் இல்லாத ஒரு வாயில் அப்போது திறந்திருந்தது.

இன்று பெங்களூரில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலரிடம் நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. உரிமை இருந்தும் கேட்க அஞ்சுகிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் சங்க வாசகசாலைக்கு வாருங்கள். வருங்கால வைப்புநிதிக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் மனு எழுதித் தர நானும் இரு நண்பர்களும் இருப்போம். வரும்போது ஆதார் நகலும், கடைசியாகச் சம்பளம் வாங்கிய தேதியும் கொண்டுவருக.