சின்னக் கைக்குச் சின்னப் பட்டை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இன்று ஒரு தாத்தாவாகப் பேசுகிறேன்.

போன வருஷம் எட்டு வயதுப் பேரன் அடிக்கடி தலைவலி என்றான். "செல்போனைப் பார்த்தா அப்படித்தான் கண்ணு" என்று நான் அதட்டினேன். கண் பரிசோதனையில் குறை இல்லை. பிறகு குழந்தை மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்தார். 122/82. "இது நல்லாத்தானே இருக்குதுங்க?" என்றேன். "உங்க கணக்கு வேற, இவன் கணக்கு வேறங்க" என்றார்.

பதின்மூன்று வயதுக்கு மேல் 130/80 வந்தாலே அதிகம். அதற்குக் கீழே வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து அட்டவணை உண்டு. அதே மாதிரி நூறு பிள்ளைகளில் 95 பேருக்கு மேல் இருக்கும் அளவு வந்தால் கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் பாக்கியை வைத்து நாங்கள் ஒரு கணக்கை எடைபோட மாட்டோம். மருத்துவரும் அப்படித்தான். வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை பார்த்தே முடிவு சொன்னார். பையனை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, கைக்கு ஏற்ற பட்டை கட்டினார். பட்டை சிறிதானால் அளவு கூடிக் காட்டும். பெரிதானால் குறைத்துக் காட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சிறுநீரகமே காரணமாம். ஸ்கேனில் பேரனுக்கும் அங்கே பழைய தழும்பு தெரிந்தது. கைக்குழந்தையில் வந்த காய்ச்சலைச் சளிக் காய்ச்சல் என்று விட்டிருந்தோம். அது சிறுநீர்த் தொற்றாக இருந்திருக்கலாம் என்றார். இப்போது தினமும் மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு. தலைவலி இல்லை, கிரிக்கெட் ஆடுகிறான்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு உடல் எடையும் முக்கியக் காரணம். அவர்களுக்கு மாத்திரைக்கு முன்னால் விளையாட்டும் சாப்பாடும்தான் வைத்தியம். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் மூன்றும் உப்புக் கிடங்கு. 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ரத்த அழுத்தம் அதிகம். நம் குடியிருப்பிலும் இருக்கலாம்.

மூன்று வயதிலிருந்து வருஷம் ஒரு முறை பார்ப்பது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். அடுத்த மருத்துவ முகாமுக்குக் குழந்தைகளுக்கான பட்டையும் கொண்டுவரச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். தலை வலிக்குது என்றால் என்னைப் போல் அதட்டாதீர்கள்.