குறைத்துக் கூறும் அணி



மடுவை மலையாக்கிக் காட்டுவது உயர்வு நவிற்சி என்பதைப் பள்ளியிலேயே கற்றுள்ளோம். அதற்கு நேர்மாறாக, உள்ளதைக் குறைத்துச் சொல்லியே அதன் பெருமையைக் கேட்போர் உணருமாறு செய்யும் வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி. அதனை ‘அண்டர்ஸ்டேட்மென்ட்’ என்பர். எதிர்மறைச் சொல்லால் உடன்பாட்டை உணர்த்தும் அதன் ஒரு வகைக்கு ‘லைட்டோட்டீஸ்’ என்று பெயர். பெயர் கிரேக்கத்திலிருந்து வந்ததாயினும் வழக்கம் ஆங்கிலேயர்க்குப் பழையதே. ‘பேவுல்ஃப்’ என்னும் பழங்காப்பியத்தில் அது நிரம்ப உண்டு. நாமும் ‘அவன் ஒன்றும் இளைத்தவன் அல்லன்’ என்கிறோம் அல்லவா?

ஆயினும் அகராதியை மட்டும் நம்பி ஆங்கிலம் பயில்வோர்க்கு இது வழுக்கு நிலம். ‘நாட் பேட்’ என்பது குரலைப் பொறுத்து ‘மிக நன்று’ எனவும் பொருள்படும். ‘குவைட் குட்’ என்பது அமெரிக்கர் வாயில் பாராட்டு. ஆங்கிலேயர் வாயில் பெரும்பாலும் ‘ஏதோ தேறும்’ என்ற அளவினதே.

இவ்வேறுபாடு உயிர்களைப் பலிகொண்டதும் உண்டு. 1951 ஏப்ரல் 22 முதல் 25 வரை கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் 29ஆம் பிரிகேடைச் சீனப்படை பெருந்திரளாகத் தாக்கிற்று. குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு குன்றொன்றில் முற்றுகையிடப்பட்டது. பிரிகேடியர் டாம் பிரோடி தம் மேலதிகாரியான அமெரிக்கத் தளபதியிடம், ‘நிலைமை சற்றுப் பிசுபிசுப்பாக உள்ளது’ என்ற அளவிலேயே தெரிவித்தார் என்பர். ஆங்கிலேயர் காதில் அது அபாயக் குரல். அமெரிக்கரோ, இடர் உண்டு, ஆயினும் தாங்கிக்கொள்வர் என்று பொருள் கொண்டார். பின்வாங்கும் ஆணை காலத்தில் வரவில்லை. அப்படைப்பிரிவினர் 500க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

1982 ஜூன் 24 அன்று நிகழ்ந்தது வேறு வகை. ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுள் 248 பயணியருடன் சென்ற பிரிட்டிஷ் விமானத்தின் இயந்திரங்கள் அனைத்தும் நின்றன. தலைமை விமானி எரிக் மூடி, ‘சிறியதொரு சிக்கல்’ என்று தொடங்கிப் பயணியரிடம் பேசினார். விமானம் ஜகார்த்தாவில் இறங்கிற்று; ஒருவரும் மாளவில்லை.

இரண்டையும் ஒப்பிட்டுக் காண்க. மூடி ‘சிறு சிக்கல்’ என்றதோடு நிற்கவில்லை. நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன என்பதையும் உடன் சொன்னார். உண்மை அருகே நின்றமையால் குறைத்துக் கூறிய சொல் அமைதியைத் தந்தது. பிரோடியின் சொல்லில் சீனர் எத்தனை பேர் என்பதும் இல்லை, எத்தனை நாழிகை தாங்கும் என்பதும் இல்லை.

வட அயர்லாந்தில் 1960களின் இறுதி முதல் 1998 வரை ஏறத்தாழ 3,500 பேர் மாண்ட மோதலை ஆங்கிலத்தில் ‘ட்ரபிள்ஸ்’, அதாவது ‘தொல்லைகள்’ என்றே வழங்குகின்றனர். இதனை அணி என்பதா, மறைப்பு என்பதா? மறைப்பு என்னும் பக்கமே எம் மனம் சாய்கிறது. பொதுக்கிணற்றில் நீர் மறுக்கப்பட்டதைச் ‘சிறு மனவேறுபாடு’ என்று எழுதும் பேனாக்களை நாம் அறியாதவர்களா?

ஆகவே, மாணவச் செல்வங்களே, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுகையில் நாள், இடம், எண்ணிக்கை ஆகியவை முதல் வரியிலேயே இருக்கட்டும். ‘நாட் பேட்’ என்பதை விடுதிச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளலாம்.