ஏலக்காட்டில் காளான் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே மலைப்பாதையில் ஏறினால், கம்பம்மெட்டில் தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. கீழே திராட்சைப் பந்தல்கள், மேலே ஏலக்காடுகள். விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மேலே சென்று, பொழுது சாய்ந்தபின் இறங்கி வரும் தமிழ்ப் பெண்கள் பலர். தில்லியிலும் மும்பையிலும் நம்மவர் பாயசத்தில் இடும் ஏலக்காயில் அவர்கள் கை பட்டது மிகுதி. அவர்களுக்குக் காளானைப் பற்றிப் பாடம் சொல்வோர் சிலர் உளர். அவர்களைப் பற்றியதே நமது இன்றைய பேச்சு.

காளான் என்றவுடன் நமக்கு நாய்க்குடை நினைவுக்கு வரும். பழந்தமிழர் அதனை ஆம்பி என்றனர். சமைத்து நாளான அடுப்பிலே ஆம்பி முளைத்திருந்தது என்று பாடிப் புலவர்கள் வறுமையைக் காட்டினர். ஆனால் கண்ணுக்குத் தெரியும் குடை, மரத்திலே பழம் போன்றது. உண்மையான காளான் மண்ணிலும் மரத்திலும் நூலிழைகளாய் ஓடிக் கிடக்கிறது. ஊறுகாயில் பூத்த பூஞ்சணமும், இட்லி மாவைப் புளிக்கவைப்பதில் பங்குகொள்ளும் நொதியும், 1928-இல் பிளெமிங் கண்ட பென்சிலினைத் தந்த பூசணமும் இக்குலத்தினவே.

முதல் மழை பெய்ததும் மலையிலே புற்றுக் காளான் முளைக்கும். கறையான் தன் புற்றுக்குள்ளே பயிர்செய்யும் காளான் அது, மிகச் சுவையானது. அதனைப் பறிக்கும் கை, பக்கத்திலே நிற்கும் நஞ்சையும் பறித்துவிடுதல் உண்டு. 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் காட்டுக் காளானை உண்டு 13 பேர் மாண்டனர். தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களே பெரும்பாலும் இதற்கு இரையாகின்றன. கொடிய வகையின் நஞ்சு வேகவைத்தாலும் அழிவதில்லை. உண்டு ஆறு மணி, பன்னிரண்டு மணி கழிந்த பின்னரே வாந்தியும் பேதியும் தொடங்கும்; இடையிலே சற்றுத் தெளிந்தாற்போல் இருக்கும்; அதற்குள் ஈரல் கெட்டிருக்கும். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் நல்லது என்று நம் பாட்டியர் கூறிய சோதனை முழுப் பொய். பூச்சி தின்றது மனிதனுக்கும் ஆகும் என்பதும் பொய். காளான் பாடம் சொல்வோர் முதலில் இந்தக் கரண்டியைத்தான் கையிலிருந்து வாங்கவேண்டியிருக்கிறது. உண்ணும் ஆசை உள்ளவர்க்கு வளர்த்த காளான் இருக்கிறது. வைக்கோலிலே காளான் வளர்க்கும் முயற்சி 1940-களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் நடந்தது. இமாசலத்தில் வாழும் தமிழர் சோலனை அறிவர்; 1997-இல் காளான் நகரம் எனப் பெயர் பெற்ற அவ்வூரில், ஆண்டுதோறும் செப்டம்பர் 10 அன்று காளான் திருவிழாவே நடக்கிறது.

ஏலக்காட்டின் கவலை வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காய்களில் நீர் கோத்தாற்போல் புள்ளி தோன்றும். பின் பழுப்பேறி, நாற்றம் எடுத்து உதிரும். இதற்கு மலையாளத்திலும் 'அழுகல்' என்றே பெயர். மொழிபெயர்ப்பாளருக்கு இதுபோன்ற எளிய வேலை எப்போதாவதுதான் வாய்க்கும்! 1972-இல் நூலேறிய இந்நோயை உண்டாக்குவது பைட்டோப்தோரா என்னும் கிருமி. நெடுங்காலம் காளான் என்றே எண்ணப்பட்ட இதனை, இன்றைய அறிவியலார் பழுப்புப் பாசிகளுக்கு உறவான வேறு குலத்தில் சேர்க்கின்றனர். இதன் இனமொன்றுதான் 1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து, ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் பஞ்சத்தில் மாளக் காரணமானது. நோயுற்ற செடியில் பூசணம் பின்னர் வந்து ஒட்டுகிறது என்று அறிஞர் பலர் சாதித்தபோது, பூசணமே நோய்க்குக் காரணம் என்று 1846-இல் வாதிட்டவர் பெர்க்கிளி என்ற பாதிரியார்.

அதே பெர்க்கிளி, புரூம் என்பவருடன் சேர்ந்து, 1869-இல் இலங்கையின் காப்பிச் செடியில் கண்ட துருநோய்க் காளானுக்குப் பெயரிட்டார். 1880-இல் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் அங்கு அனுப்பப்பட்டு, காற்றிலே அதன் வித்துக்கள் பரவுவதையும், மலை முழுவதும் ஒரே பயிரை நெருக்கி வைத்த தீங்கையும் எடுத்துரைத்தார். காலம் கடந்துவிட்டது. காப்பி போயிற்று, தேயிலை வந்தது. தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு எந்தப் பயிரைச் சார்வது என்பதை ஒரு காளான் தீர்மானித்தது. அவர்களிடம் அதனைப் பற்றி யாரேனும் ஒரு சொல் சொன்னார்களா என்று நாம் அடிக்கடி எண்ணியதுண்டு.

உடும்பஞ்சோலை வட்டத்தில் இன்று சொல்வோர் இருக்கின்றனர். பாம்பாடும்பாறையில் 1956-இலும், மயிலாடும்பாறையில் 1978-இலும் தோன்றிய ஏல ஆராய்ச்சி நிலையங்களும், சாந்தன்பாறையின் வேளாண் அறிவியல் நிலையமும் இப்பகுதியிலேயே உள்ளன. தோட்டத்துக்கு வந்து வகுப்பெடுப்போர் முதலில் கற்பிப்பது போர்டோ கலவை. ஒரு கிலோ துரிசை ஐம்பது லிட்டர் நீரில் கரைத்து, மற்றோர் ஐம்பது லிட்டரில் கரைத்த ஒரு கிலோ சுண்ணாம்புடன் சேர்ப்பது. பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் தோய்த்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கரண்டிச் சோதனை பொய். இந்தக் கத்திச் சோதனையோ மெய். பிரெஞ்சு நாட்டுத் திராட்சைக்காக 1880-களில் பிறந்த கலவை இது. கம்பத்துப் பந்தலுக்கும் பயன்படுவது.

அடுத்த பாடம் ட்ரைக்கோடெர்மா. நோய்க்கிருமியை வளரவிடாமல் தடுக்கும் நல்ல காளான் இது. தொண்ணூறு கிலோ சாணமும் பத்துக் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்த எருவில் ஒரு கிலோ பொடியை இட்டு, ஈரம் காயாமல் நிழலில் மூடிவைத்தால், இரண்டு வாரத்தில் எருவெங்கும் பச்சை படரும். அதனைத் தூரிலே இடவேண்டும். ஆனால் துரிசு இதனையும் கொல்லும். ஆகவே இரண்டுக்கும் இடையே பதினைந்து நாளாவது செல்லவேண்டும்.

இங்கே நமது பிழையைச் சொல்லியாகவேண்டும். ஓர் அலுவலகத்திற்காக இப்பாடத்தைத் தமிழாக்கியவர் நாமே. மூலத்திலுள்ளபடி, மேல் பத்தியில் 'பூஞ்சணக்கொல்லியைத் தெளிக்கவும்' என்றும், கீழ்ப் பத்தியில் 'பூஞ்சணத்தை இடவும்' என்றும் எழுதினோம். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, கம்பம்மெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நடந்த வகுப்பிலே நாமும் அமர்ந்திருந்தோம். நாற்பது ஆண்டு காய் பறித்த ஓர் அம்மையார் எழுந்து கேட்டார்: "மேல பூஞ்சணத்தக் கொல்லுங்கிறீக, கீழ பூஞ்சணத்தப் போடுங்கிறீக, ரெண்டுல எது சார் நெசம்?" முந்தின ஆண்டு அவர்கள் இரண்டையும் ஒரே பீப்பாயில் கலந்து ஊற்றியிருக்கின்றனர். பொடி வாங்கிய பணம் வீண். அந்த மழைக்குக் காயும் உதிர்ந்தது.

ஊர் திரும்பியதும் புதிதாய் எழுதினோம். ஒன்றுக்குத் துரிசு மருந்து, மற்றதற்குப் பச்சைப் பொடி. பதினைந்து நாள் இடைவெளியைத் தலைப்பிலேயே வைத்தோம். அவ்வம்மையார் வகுப்பு முடிந்தபின் மெல்லக் கேட்டது இன்னொன்றும் உண்டு: "இந்த மருந்து பட்ட கையோட சோறு திங்கலாமா சார்?" மூலத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. தின்னலாகாது, சோப்பிட்டுக் கழுவவேண்டும், மருந்து கரைத்த வாளியில் குடிநீர் எடுக்கலாகாது என்று நாமே சேர்த்து, ஒப்புதலுக்கு அனுப்பினோம். மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததற்கு விளக்கம் கேட்டனர்; எழுதிக் கொடுத்தோம். அடுத்த மழைக்குள் அச்சாகிவிட்டது.